தடங்கல் இலாகா

அந்தக் கதையில் ஒரு கப்பல் மருத்துவனும் ஒரு வரைபடக்காரியும் நான்கு வருடங்களாகக் காதலைச் சொல்லிக்கொள்ளாமல் இருந்தார்கள். கைபேசியில் படிக்கிற கதை; அத்தியாய முடிவில் இரண்டு பொத்தான்கள் வரும், வாசகர் எதைத் தொடுகிறாரோ கதை அந்தப் பக்கம் போகும். எந்தப் பக்கம் போனாலும் இவர்கள் இருவரும் மட்டும் சேரமாட்டார்கள். இதற்கு நிறுவனத் தலைவர் ‘புனித இடைவெளி’ என்று பெயர் வைத்திருந்தார். பலகையில் இரண்டு புள்ளி வைத்து, நடுவிலிருந்த வெற்றிடத்தைத் தட்டிக் காட்டி, நாம் எல்லோரும் குடியிருப்பது இங்கேதான் என்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். வெற்றிடத்தை எப்படிக் குறிப்பெடுத்தார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

இடைவெளியைக் காப்பதற்கென்றே ஓர் ஆள் சம்பளத்தில் இருந்தார். எல்லோருக்கும் அவர் தடங்கல் அண்ணன். கதைக்காரி அத்தியாயத்தை எழுதி அனுப்புவாள்; மருத்துவன் வாயைத் திறக்கிற இடம் பார்த்து இவர் ஒன்றைச் செருகுவார். புயல், அவசர நோயாளி, கதவைத் தட்டும் மாலுமி, வரைபடக்காரியின் அம்மாவிடமிருந்து தந்தி. ஒரே தடங்கல் ஒரு மாதத்தில் இரண்டு முறை வந்துவிடக்கூடாதென்று சுவரில் அட்டவணை ஒட்டியிருந்தார். மனசாட்சியுள்ள மனிதர்.

ஒரு நாள் லிஃப்ட் மெக்கானிக் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மருத்துவர்கள் பத்து நாள் கெடு சொல்லிவிட்டார்கள். முதல் அத்தியாயத்திலிருந்து ஒன்று விடாமல் படித்தவள். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை, அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வார்களா என்று மட்டும் கேட்கிறாள். முடிந்தால் முன்னாலேயே காட்டிவிடுங்கள். இவ்வளவுதான் கடிதம்.

கதைக்காரி அதைத் தலைவரிடம் கொண்டுபோனாள். தலைவருக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு மூன்று கூட்டம் போட்டார். முடிவு வெளியே கசிந்தால் லட்சக்கணக்கான நெஞ்சங்களில் கட்டிக்காத்த இடைவெளி என்னாவது? கடைசியில் அவர் மனமிரங்கி, அந்த ஒரே கைபேசிக்கு, ஒரே ஓர் அத்தியாயம், அலுவலகத்தில் தன்னையும் கதைக்காரியையும் தவிர ஈ காக்கைக்குத் தெரியக்கூடாது என்று தீர்ப்பளித்தார். மெக்கானிக் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்து, ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார். பத்தில் நான்கு நாள் அதற்குள் போய்விட்டது.

கதைக்காரிக்குக் கை ஓடவில்லை. சொல்லாமல் விடுவதை நான்கு வருடம் எழுதிய கை. பக்கம் பக்கமாக எழுதி எல்லாவற்றையும் அடித்தாள். இரண்டாம் நாள் மாலை ஒரே ஒரு வாக்கியம் தேறியது. அதை மருத்துவன் வாயில் வைத்து அனுப்பிவிட்டாள்.

எந்த அத்தியாயமும் தடங்கல் அண்ணன் மேசையைத் தாண்டித்தான் வெளியே போகும். ரகசியம் காக்கப்பட்டிருந்ததால் அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. படித்துப் பார்த்தார்; மருத்துவன் பாட்டுக்குச் சொல்லிவிட்டான். பாவம், இந்தப் பெண் அசதியில் விட்டுவிட்டாள் என்று நினைத்தார். அட்டவணையில் அந்த மாதம் வராத ஒன்றைத் தேடி, வாக்கியத்தை எடுத்துவிட்டு, கப்பலின் தீ மணியை அடிக்கவிட்டார். கீழே வழக்கமான இரண்டு பொத்தான்கள்: ‘காத்திரு’, ‘திரும்பிப் போ’.

அடுத்த வியாழக்கிழமை வாராந்திரக் கூட்டத்தில் தலைவர் திரையில் ஓர் எண்ணைக் காட்டினார். ஒரே கைபேசி, ஒரே பிற்பகல், ‘காத்திரு’ அறுபத்து மூன்று முறை தொடப்பட்டிருக்கிறது. அடுத்த அத்தியாயம் இல்லாததால் ஒவ்வொரு முறையும் அதே பக்கம் திரும்ப வந்திருக்கிறது, அப்படியும் விடவில்லை. இது யாரென்று தனக்குத் தெரியாது, ஆனால் இதற்குப் பெயர்தான் பக்தி என்றார் தலைவர். கை தட்டினார்கள்.

கதைக்காரி அத்தியாய எண்ணைப் பார்த்தாள். கைதட்டல் ஓயுமுன் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

“நீ மறந்துட்டேன்னு நெனச்சேம்மா,” என்றார் தடங்கல் அண்ணன், மெதுவாக. “தலைவர் காதுக்குப் போகவேணாமேன்னு நானே மணியைப் போட்டுட்டேன்.”

கதைக்காரி எழுந்து வெளியே போய் மெக்கானிக்கைக் கைபேசியில் கூப்பிட்டாள். தவறு நடந்துவிட்டது, சரியான பக்கத்தை இப்போதே, இந்த நிமிடமே அனுப்புகிறேன் என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை முடிந்துவிட்டது என்றார் அவர். எந்த மாடியில் பழுது என்று சொல்கிற குரல். பின்னால் எங்கோ சுத்தியல் சத்தம் கேட்டது. கதைக்காரி கேட்காமலே அவர் சொன்னார்: போதும் விடு என்று எவ்வளவோ சொன்னாராம். மணி அடித்து ஓயட்டும், அப்புறம் சொல்லிவிடுவான் என்றாளாம் மனைவி. விரல் தூக்க முடியாமல் போனபிறகு, இவர்தான் அந்த விரலைப் பிடித்துத் திரையில் வைத்து வைத்து எடுத்தாராம்.

“அவன் என்னதாம்மா சொல்ல இருந்தான்?”

கதைக்காரி அந்த வாக்கியத்தைச் சொன்னாள். “நீ பக்கத்துல இருந்தா எனக்கு அது போதும்.”

சுத்தியல் நின்றது.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாங்க.”

“இதை நானே சொல்லியிருப்பேனேம்மா,” என்றார். “பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்.”