ஆரஞ்சு நகங்கள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. டேமியன் லிண்ட்னர் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்:

"நீ ஏதோ எழுதுவியாமே கண்ணு? என்னைப் பத்தி எழுதேன். சின்னதா போதும். என் ஆட்டமே சின்னதுதான்."

நேருக்கு நேர் மறுக்க எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "பேஸ்பால் ஆட அடிலெய்டிலிருந்து அமெரிக்காவுக்கு விமானம் ஏறிய இளைஞனின் கண்களில் ஆயிரம் கன—"

இல்லை. கேட்டுவிட்டேன். விமானத்தில் தூங்கிவிட்டாராம்.

இரண்டாம் தொடக்கம்: "எட்டு ஆண்டுகள் கீழ்நிலை அணிகளோடு பேருந்தில் ஊர் ஊராகப் போனார். மேலே யாரும் கூப்பிடவில்லை." உண்மைதான். ஆனால் அதற்காக அவர் வருத்தப்படுவதில்லை. நான்தான் உங்களை வருத்தப்பட வைக்கப் பார்க்கிறேன். திரும்பி வந்த அன்று இறைச்சிக் கடைக்காரர் கேட்டதைச் சொல்லித்தான் அவர் சிரிப்பார்: "என்னப்பா, அமெரிக்காவுல கிரிக்கெட் எப்படிப் போச்சு?"

3

நகத்திலிருந்து தொடங்குகிறேன்.

டேமியன், மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் குத்தவைத்துப் பந்தைப் பிடிப்பவர். இடக்கையில் கையுறை. வலக்கை வெறுங்கை. அதை எதிரணிக்குத் தெரியாமல் தொடைகளுக்கு நடுவே மறைத்து, பந்து எறிபவருக்கு விரலால் சைகை காட்ட வேண்டும். ஒரு விரல், வேகப்பந்து. இரண்டு, வளையும் பந்து. தூரத்திலிருந்து தெரிவதற்காக நகங்களில் ஆரஞ்சுப் பூச்சு. சனிக்கிழமைக் காலைகளில் சமையலறை மேசையில் அவர் மனைவி ரோவெனா பூசிவிடுவார்.

(அமெரிக்காவில் யார் பூசினார்கள் என்று கேட்டேன். "நானேதான். கேவலமா இருக்கும். அதனாலதான் மேல கூப்பிடல போல.")

இப்போது ஆடும் உள்ளூர் அணியில் எறிபவர் டூலி. மின்வேலைக்காரர், பள்ளி நண்பர். கண் மங்கல். கண்ணாடி போடமாட்டார்.

4

போன மாதம், பூசிய கையோடு டேமியன் ஒரு குளியலறைக்கு ஓடு பதிக்கப் போனார். அதுதான் அவர் பிழைப்பு. பசையைத் துடைக்கும் திரவம் நகப்பூச்சையும் துடைத்துவிட்டது. [ஏன் என்று எனக்குத் தெரியும், வேதியியல் படித்தவள். யாரும் கேட்கவில்லை.] பரவாயில்லை என்று அப்படியே ஆடப் போனார். வெளிச்சம் குறைந்த நேரம். இரண்டு விரல் காட்டினார்; டூலிக்கு ஒன்றுதான் தெரிந்தது. வளைந்து வரும் என்று காத்திருந்த டேமியனின் வலது கட்டைவிரலில் வேகப்பந்து விழுந்தது.

அன்று மாலை டூலி பீரோடு வந்தார்.

"ரெண்டு காட்டினேன்டா குருடா!"

"பூச்சைத் தொலைச்சுட்டு வந்தது நீ. குருடன் நானா?"

"கண்ணாடி போடுடா."

"போட்டா கிழவன் மாதிரி இருக்கும்."

"ஆயிட்டடா."

ரோவெனா மட்டும் சிரிக்கவில்லை. எலும்பில் கீறல். இன்னொரு அடி பட்டால் விரல் மடங்காது என்றார் மருத்துவர். மடங்காத விரலால் ஓடு பதிக்க முடியாது.

இன்று இறுதிப் போட்டி. வென்றாலும் தோற்றாலும் டேமியனின் கடைசி ஆட்டம்.

5

ரோவெனாவைக் கோபக்காரியாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. காலையில் அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"பூசிவிட்டா, நானே உன்னை அனுப்பி வச்ச மாதிரி ஆகும்."

"பூசாட்டியும் போவேன் ரோ."

"தெரியும். அதான் பயமா இருக்கு."

6

முடிவு அ: ரோவெனா பூசுகிறார். டூலிக்கு எல்லா விரல்களும் தெரிகின்றன. டேமியன் கடைசிப் பந்தைப் பிடித்து, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு—

முடிவு ஆ: ரோவெனா புட்டியை மூடுகிறார். மூடிய புட்டியைப் பார்த்து டேமியன் கையைச் சட்டைப்பைக்குள் விடுகிறார். வேலியோரம், முதல் தடவையாக ரோவெனா பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறார். ரொட்டியில் சுருட்டிய சாசேஜைத் தின்றபடி டூலியைத் திட்டுகிறார்.

(எனக்கு ஆ பிடித்திருந்தது. வலிக்கப்போவது என் விரல் அல்ல என்பதால் என் விருப்பத்தை நான் நம்பவில்லை.)

டேமியனிடம் இரண்டையும் சொன்னேன்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. அவகிட்ட கேளு கண்ணு."

என்னால் கேட்க முடியவில்லை.

7

மேசைமேல் டேமியனின் வலக்கை, விரல்கள் விரிந்து. கட்டைவிரல் இன்னும் சற்று வீங்கியிருக்கிறது. ரோவெனா இடக்கையால் அதைத் தாங்கியிருக்கிறார். புட்டி திறந்திருக்கிறது. தூரிகை நுனியில் ஆரஞ்சுச் சொட்டு.

காற்றுப் பட்டால் இந்தப் பூச்சு சீக்கிரம் இறுகிவிடும். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவர்களோடு இப்போது நீங்கள்தான் இருக்கிறீர்கள்.