கையில் இல்லாத ரப்பர் பேண்டு

காணும் பொங்கலன்று வல்லக்கோட்டைக் கூட்டு ரோட்டில் போட்டிருந்த சாமியானாவுக்குள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், கை வைத்த நாற்காலியில், இளைஞர் மன்றத் தலைவர் பொன்னுரங்கம். அவருக்கு இடப்பக்கம், மைக்கை மடியில் வைத்துக்கொண்டு, செயலாளர் ஜெகதீஷ். எதிரே, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின் மேல் நாகப்பன். காலையில் நடந்த ஓட்டப் பந்தயத்தில், ஒரகடத்துத் திருப்பத்தில் நின்றுகொண்டு, ஓடிவந்தவர்களின் கையில் ரப்பர் பேண்டு மாட்டிவிட்டவர். பெஞ்சின் ஒரு முனையில் பேச்சிராஜ், மறுமுனையில் கொம்பையா. இருவருக்கும் நடுவில் இன்னும் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், யாரும் உட்காரவில்லை. மற்றவர்கள் வெயிலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். கூட்டு ரோட்டிலிருந்து ஒரகடம் போய்த் திரும்பும் ஓட்டத்தில் முதலில் வந்து கயிற்றைத் தொட்டவன் பேச்சிராஜ். இரண்டாவது கொம்பையா. ஆனால் பேச்சிராஜின் கையில் ரப்பர் பேண்டு இல்லை. போன வருஷம் ஒருவன் ஒரகடம் போகாமலே கருவேலம் புதருக்குள் உட்கார்ந்திருந்து, திரும்பி வந்த கும்பலோடு கலந்து பரிசு வாங்கிப் போய்விட்டான். அதனால் இந்த வருஷம் மைக்கில் தொண்டை கிழியச் சொல்லியாகிவிட்டது: கையில் பேண்டு இல்லையென்றால் பரிசு இல்லை.

"இன்னா நாகப்பா, இவனுக்குப் பேண்டு போட்டியா இல்லியா?" என்றார் பொன்னுரங்கம்.

"போட்டிருப்பேன் தலைவரே. நாலஞ்சு பேரு ஒண்ணா முட்டிக்கினு வந்து கைய நீட்டுறானுங்கோ. நான் கையப் பாத்தனா, மூஞ்சியப் பாத்தனா?"

"கையாவது ஞாபகம் கீதா?"

"எல்லாக் கையும் ஒரே வேர்வ தலைவரே."

கூட்டம் சிரித்தது. பேச்சிராஜும் சேர்ந்து சிரித்தான். அதுதான் கொம்பையாவுக்கு எரிந்தது. பரிசு போகப்போகிறது, இவனுக்குச் சிரிப்பு வருகிறது.

"போட்டாருங்க. நாந்தான் கழத்திப் போட்டுட்டேன்" என்றான் பேச்சிராஜ். "கையில என்னமோ தட்டுப்பட்டுச்சு. லைன்ல நிக்கேன்னு நெனச்சிட்டேன் போல."

"இதெல்லாம் டபாய்க்கிற வேலைபா" என்றான் ஜெகதீஷ்.

டபாய்க்கிற வேலை இல்லை என்று அந்தப் பந்தலில் இருந்தவர்களில் கொம்பையாவுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். இருவரும் ஒரே கம்பெனியில், பெயிண்ட் அடித்து வரும் கார்க் கதவுகளைத் துடைத்துப் பார்க்கும் லைனில் நிற்பவர்கள். அங்கே மோதிரம், வாட்ச், சாமிக் கயிறு, எதுவும் கையில் இருக்கக் கூடாது. ஒரு கீறல் விழுந்தால் சூப்பர்வைசர் கோபால் சார் குதறிவிடுவார். அதனால் வலது கை இடது மணிக்கட்டைத் தானாகத் தடவும். ஏதாவது தட்டுப்பட்டால் தானாகக் கழற்றும். பேண்டு மாட்டியதும் கொம்பையாவுக்கும் அந்த அரிப்பு வந்தது. விரல்களை மடக்கி இறுக்கிக்கொண்டு ஓடினான்.

"நீதானேபா இவன் பின்னாலயே வந்த?" பொன்னுரங்கம் அவன் பக்கம் திரும்பினார். "கழட்டுனதப் பாத்தியா?"

பார்த்திருந்தான். திருப்பத்தைத் தாண்டிய சிறு பாலத்தருகே முன்னால் போனவனின் கை மணிக்கட்டுக்குப் போனது. சிவப்புப் பேண்டு தாரில் விழுந்து ஒரு துள்ளுத் துள்ளியது. அதை மிதிக்காமல் தாண்டிப் போனான் கொம்பையா. 'தொலைஞ்சான்' என்று அப்போது மனசுக்குள் எழுந்த சந்தோஷத்தில் காலுக்கு ஒரு வேகம்கூட வந்தது.

"நான் ரோட்டப் பாத்து ஓடுனேன்" என்றான்.

பேச்சிராஜ் அவனை ஒரு தரம் பார்த்தான்.

கப்பு கொம்பையாவுக்கு. மாவட்ட ஓட்டத்துக்கு மன்றத்தின் சார்பில் காஞ்சிபுரம் போகும் ஒரே இடமும் அவனுக்குத்தான் என்று ஜெகதீஷ் மைக்கில் சொன்னான். வெள்ளிக்கிழமை பெயர் அனுப்பிவிடுவார்களாம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த ஒரு இடத்துக்காகத்தான் அவன் ஓடிக்கொண்டிருந்தான். ஊற வைத்த கொண்டைக்கடலை தின்றான். எட்டு மணிக்குப் படுத்தான். நண்பர்கள் சினிமாவுக்குக் கூப்பிட்டால் வயிற்று வலி என்றான். கோவில்பட்டிப் பக்கத்துக்காரனான பேச்சிராஜ் அவனுடைய அறைக்கு வந்து சேர்ந்தபோது, துணைக்கு ஆள் ஆச்சு என்று கொம்பையாதான் அவனை எழுப்பி ஓடக் கூட்டிப் போனான். அந்தப் பாவிப் பயல் முந்தின ராத்திரி பரோட்டா தின்றுவிட்டு, கண்ணில் பீளையோடு எழுந்து வந்து, கொட்டாவி விட்டுக்கொண்டே இவனைத் தாண்டிப் போனான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்திலும் அவன் முதுகைத்தான் பார்த்து வருகிறான் கொம்பையா.

இனிப் பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தான். ஆனால் நடந்தது வேறு.

இருவரும் தினமும் சாப்பிடும் பென்னலூர் மெஸ்ஸில், அதை நடத்தும் செல்லக்கனி அக்கா பேச்சிராஜின் இலையில் கேட்காமலே ஆம்லெட்டை வைத்தாள். "ஓடி ஜெயிச்ச புள்ள வெறுங்கையோட வந்திருக்கே. தின்னுல."

"அக்கா, எனக்கு?" என்றான் கொம்பையா.

"ஒனக்கென்னப்பா, கப்பு இருக்கு."

கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டைப் பேச்சிராஜுக்குப் பிடித்து வைத்தார்கள். லைனில் கோபால் சாரே அவன் தோளில் கை போட்டார். "ஓடும்போதே கழட்டுனியாமே! இந்த டிசிப்ளின் எவனுக்குடா வரும்? ரேஸ் போனா போவுது, என் டோர்ல ஸ்க்ராட்ச் விழாது." எல்லோரும் சிரித்தார்கள். டீ டயத்தில் அவனைச் சுற்றி ஒரு கும்பல். அவன் கையை மணிக்கட்டுக்குக் கொண்டுபோய் நடித்துக் காட்டினான். கும்பல் கொம்பையாவைத் திரும்பிப் பார்த்து, "மெய்யாலுமே நீ பாக்கலியாபா?" என்றது.

"சும்மா இருங்கப்பா" என்றான் பேச்சிராஜ். "அண்ணன் பாத்திருந்தா சொல்லியிருக்காதா?"

கொம்பையாவின் கையில் இருந்த டீ ஆறிப்போயிற்று.

அறைக்கு வந்தால் ஸ்டவ் பக்கத்து ஷெல்பில் கப்பு. அதற்குக் கீழேதான் பேச்சிராஜின் பாய். ஒருநாள் அவன் தன் பனியனால் கப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். "தூசி படிஞ்சிருச்சுண்ணே. காஞ்சிபுரத்துல ஜெயிச்சு இன்னொண்ணு கொண்டாங்க."

கொம்பையா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பேச்சிராஜ் இத்தனை நாள் முதல் பரிசைத்தான் வாங்கினான். இப்போது தோற்றவனுக்குக் கிடைக்க வேண்டியதையும் வாங்கிக்கொண்டான். ஆம்லெட், ஜன்னல் சீட்டு, நல்லவன் என்ற பேர். முன்பெல்லாம் அவன்மேல் வயிறெரிவதில் ஒரு ருசி இருந்தது. ஜெயித்தவன்மேல் தாராளமாக எரியலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பாவப்பட்டவன்மேல் எரிவது தனக்கே அசிங்கமாக இருந்தது. இந்தக் கப்பு இந்த அறையில் இருக்கும்வரை அவன் பாவப்பட்டவன்தான்.

மறுநாள் காலையில், செகண்ட் ஷிப்டுக்கு நேரம் இருந்தபோது, கொம்பையா கடிதம் எழுத உட்கார்ந்தான். நேரில் போனால் பொன்னுரங்கம் கட்டிப்பிடித்து "பெரிய மனசுபா உனக்கு" என்பார். அதைத் தாங்க முடியாது. அனுப்புநர், பெறுநர், ஐயா என்று பள்ளிக்கூடத்தில் படித்த முறைப்படி தொடங்கி, 'என் மனசாட்சி உறுத்துவதால்' என்று எழுதினான். படித்துப் பார்த்தான். மனசாட்சி அல்ல என்று அவனுக்கே தெரிந்தது. கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தான்.

'ஐயா, பேச்சிராஜ் ரப்பர் பேண்டைக் கழற்றிப் போட்டதை நான் பார்த்தேன். இடம், திருப்பத்தை அடுத்த சிறு பாலம். நிறம் சிவப்பு. நீங்கள் கேட்டபோது ரோட்டைப் பார்த்து ஓடினேன் என்றேன். அது பொய். முதலிடம் அவனுடையது. காஞ்சிபுரத்துக்கு அவன் பெயரையே அனுப்பவும். கப்பை ஞாயிற்றுக்கிழமை ஒப்படைக்கிறேன். என்னைப் பாராட்டி மைக்கில் எதுவும் பேச வேண்டாம். அடுத்த வருஷமும் நான் ஓடுவேன். என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளவும்.'

காஞ்சிபுரம் என்று எழுதியபோது மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதிவிட்டது.

"யாருக்குண்ணே லெட்டர்? ஊருக்கா?" குளித்துவிட்டு வந்த பேச்சிராஜ் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான். "குடுங்க, ஸ்ரீபெரும்புதூர்தான் போறேன். போஸ்ட் ஆபீஸ்ல போட்டுடுதேன்."

"நீ ஒண்ணும் போட வேண்டாம்" என்றான் கொம்பையா. அந்தப் புண்ணியமும் அவனுக்குப் போக வேண்டாம்.

தானே பஸ் பிடித்து ஸ்ரீபெரும்புதூர் போனான். போஸ்ட் ஆபீஸ் மேஜையில் இருந்த பசையை விரலால் எடுத்து உறையின் ஓரம் முழுக்கத் தடவி, மடித்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தான். வெள்ளிக்கிழமைக்குள் போய்விடுமா என்று கவுண்ட்டரில் கேட்டான். நாளைக்கே போயிடும் என்றார்கள். பெட்டியின் வாயில் பாதி உறையை நுழைத்துவிட்டு ஒரு மூச்சு நேரம் நின்றான். பின்னால் நின்ற ஆள், "போடுபா, இன்னா யோசிச்சுகினு கீற" என்றான்.

போட்டுவிட்டான்.