ஸான் மியாவின் தட்டு

உருளைக்கிழங்கு இன்னும் சுட்டது. பா தௌங் அதைக் கைக்குக் கை மாற்றி, ஊதி ஊதித் தோலுரித்துக்கொண்டிருந்தார். முன்னறையில் மனைவி ஸான் மியாவின் உடலைக் கிடத்தியிருக்கிறது. பந்தலில் ஊரே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு சூரியகாந்தி விதை கொறிக்கிறது. வீட்டுக்காரர் இங்கே அடுப்படியில் கிழங்கு உரிக்கிறார் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? பக்கத்து வீட்டு ஓன் சின் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"என்ன அண்ணே கூத்து இது? மடாலயத்துப் பெரியவர் வந்து எவ்வளவு நேரமாச்சு! முன்னால வந்து உக்காருங்க. தலைமாட்டுல வைக்கச் சோறும் மீன் குழம்பும் நான்தான் கொண்டாந்துட்டேனே."

"அது உன் வீட்டுக் குழம்பு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் இந்த வீட்டுல கையால பிசையிற லெத்தோதான்."

"நேத்தும் முந்தாநேத்தும் என் குழம்பத்தானே வச்சீங்க?"

"நேத்து ஞாயித்துக்கிழமை இல்லையே" என்றார் பா தௌங், அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டு.

அவளை எடுத்துப்போக வண்டி ஒரு மணிக்கு வரும். அதற்குப் பிறகு ஸான் மியாவுக்கு இந்த வீட்டில் சாப்பாடு கிடையாது. இதுதான் கடைசி. அது அவளுக்குப் பிடித்த மாதிரி இருந்துவிட வேண்டும், அவ்வளவுதான். பெரியவரின் ஆசி, பந்தல், வந்தவர் போனவர், எதுவும் அவர் மனதில் ஏறவில்லை. ஐராவதியில் சரக்குப் படகின் இன்ஜினோடு ஆறு நாள் மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் லெத்தோ. அதைத் தின்பதற்கென்றே வீட்டுக்கு வருகிறேன் என்று படகிலிருப்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். இன்றைக்கு வேண்டிய கிழங்கும் பச்சைப் பப்பாளியும்கூட அவளே வாங்கியதுதான். வெள்ளிக்கிழமை சந்தையிலிருந்து வந்து கூடையை இறக்கி வைத்தவள், "கொஞ்சம் மயக்கமா வருது" என்று படுத்தாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை. சேதி கேட்டுப் பா தௌங் அன்றைக்கே படகை விட்டு ஓடிவந்தார்.

மகள் லே யீ முட்டைக்கோஸைச் சன்னமாக நறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா செய்வது போலவே பெரிய தாம்பாளத்தில் எல்லாவற்றையும் சின்னச் சின்னக் குவியலாக வைத்தார்கள். மிளகாய் எண்ணெயில் பிசறிய சிவப்புச் சோறு, தடித்த நூடுல்ஸ், மெல்லிய சேமியா, கிழங்குத் துண்டுகள், பப்பாளித் துருவல், பொரித்த சோயாக்கட்டி, வறுத்த கடலை மாவு, காய்ந்த இறால் பொடி, வெங்காயம், கொத்தமல்லி. பக்கத்தில் கிண்ணங்களில் புளிக்கரைசல், பூண்டு எண்ணெய், மீன் சாறு.

மொத்தமாகப் பிசைந்து பரிமாறுகிற பண்டம் இல்லை அது. ஸான் மியா சின்ன எனாமல் கிண்ணத்தை மடியோரம் வைத்துக்கொள்வாள். எல்லாவற்றிலும் ஒரு பிடி எடுத்துப் போட்டு, ஆளுக்குத் தனித்தனியாகக் கையால் பிசைவாள். பா தௌங்குக்குப் புளி தூக்கல், வெங்காயம் கூடாது. மகளுக்குக் கண்ணில் நீர் வருகிற காரம். யாரையும் எதுவும் கேட்கமாட்டாள். முதல் தட்டு பா தௌங்குக்கு. அவரும் மற்றவர்களுக்குக் காத்திருக்கிற ஜாதி இல்லை; தட்டு வந்த கையோடு தலையைக் குனிந்துவிடுவார்.

இப்போது அந்தக் கிண்ணத்தைத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். சோறு போட்டார். நூடுல்ஸ் போட்டார். கிழங்கு, பப்பாளி. புளிக்கரைசலில் கரண்டியை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

"லே யீ, அம்மாவுக்குப் புளி எவ்வளவு?"

"கம்மியாப் போடுங்கப்பா. அம்மாவுக்குக் காரம்தான் வேணும்."

"காரம் நீ தின்பே. நான் அம்மாவக் கேக்குறேன்."

லே யீயின் கத்தி நின்றது. "அம்மா நம்மகூட உக்காந்து தின்னு நான் பாத்ததே இல்லையேப்பா."

"இதுக்கா இவ்வளவு யோசனை?" என்று ஓன் சின் உள்ளே வந்தாள். "வெங்காயத்த அள்ளிப் போடணும். கொத்தமல்லி நிறைய. எத்தனை தடவ இந்த வீட்டுல உக்காந்து தின்னிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"அது உனக்குப் பிசைஞ்சு குடுத்தது. அவ என்ன தின்னா?"

ஓன் சின் பேச்சடைத்து நின்றதை அந்தத் தெருவில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

ஸான் மியாவின் தங்கை ஸான் யி முன்தினம்தான் பக்கோக்குவிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். கூடப்பிறந்தவளுக்குத் தெரியாமல் போகுமா என்று அவளைக் கூப்பிட்டார்கள். கேள்வி காதில் விழுந்ததும் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குக் கடலை மாவு ரெண்டு பங்கு போடுவா. அது நல்லா ஞாபகம் இருக்கு. அவளுக்கு..." மூக்கை உறிஞ்சினாள். "எல்லாரும் தின்னப்புறம் கிண்ணத்துல ஒட்டியிருக்குமே அத்தான், அதுல ஒரு பிடி வெறுஞ்சோத்தப் போட்டுத் துடைச்சுத் தின்னுட்டு எந்திரிச்சிருவா. எங்க அம்மா வீட்டுலயும் அப்படித்தான். இங்கயுமா?"

சாப்பிட்டதும் பா தௌங் பாயில் சரிந்து கண்ணயர்கிறபோது அடுப்படியில் கிண்ணத்தை வழிக்கிற சத்தம் கேட்கும். நல்ல தூக்கம் வரும் அந்தச் சத்தத்தில். எத்தனை வருஷம்! ஒருநாளாவது எழுந்து போய் என்ன தின்கிறாய் என்று எட்டிப் பார்த்திருக்கலாம். எல்லார் நாக்கும் அவளுக்குத் தெரிந்திருந்தது, அவள் நாக்கு ஒருத்தருக்கும் தெரியவில்லை. வீடு நிறைய ஆள் இருக்கிறது. இதை யாரிடம் கேட்க வேண்டுமோ அந்த ஒருத்தி மட்டும் இல்லை.

குத்துமதிப்பாக ஒன்று பிசைந்தார். வாயில் போட்டுப் பார்த்தால் புளிப்பு தூக்கலாக, வெங்காயமே இல்லாமல், அச்சு அசலாக அவருடைய தட்டு. தள்ளி வைத்தார். புளியைக் குறைத்து இன்னொன்று பிசைந்தார். அது யாருடைய தட்டாகவும் இல்லாமல் சப்பென்று இருந்தது.

"ஏதோ ஒண்ண வைங்கண்ணே, நேரமாகுது" என்றாள் ஓன் சின். "செத்துப் போனவ குறையா சொல்லப் போறா?"

"உயிரோட இருந்தப்பவும் சொல்லலையே. அதுதானே வினையாப் போச்சு."

கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார். பரணிலிருந்து விருந்தாளிகளுக்கு எடுக்கிற பீங்கான் தட்டை இறக்கச் சொன்னார். அதில் சோறு ஒரு குவியல், நூடுல்ஸ் ஒரு குவியல், கிழங்கு, பப்பாளி, மாவு, இறால் பொடி, வெங்காயம் என்று ஒன்றோடொன்று படாமல் சுற்றிலும் வைத்தார். புளியையும் எண்ணெயையும் மீன் சாற்றையும் தனித்தனிக் குப்பிகளில் ஊற்றிக்கொண்டார்.

"பிசையாமலா வைக்கப் போறீங்க?"

"அவளே பிசைஞ்சுக்கட்டும். அவளுக்கு எப்படி வேணுமோ அப்படி."

"இதுலயும் அவளுக்கே வேலை வச்சுட்டீங்களா அத்தான்!" என்றாள் ஸான் யி. சிரிப்பும் அழுகையுமாக வந்தது அது. குத்தலும் இல்லாமல் இல்லை.

"இன்னிக்கு ஒரு தட்டுதான்" என்றார் அவர். "வேற யாருக்கும் இல்ல."

முன்னறைக்கு எடுத்துக்கொண்டு போனார். பெரியவரும் மற்றவர்களும் விலகி வழிவிட்டார்கள். எல்லோரும் வைப்பதுபோல் தலைமாட்டில் வைக்காமல், அவள் வலது பக்கம், கை எட்டுகிற இடத்தில் பாயை ஒதுக்கித் தட்டை வைத்தார். குப்பிகளைச் சுற்றி அடுக்கினார். அப்போதுதான் அவள் கைகளைப் பார்த்தார். வயிற்றின் மேல் கோத்து வைத்து, கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஊர் வழக்கப்படி மகளின் தலைமுடியால் கட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லே யீதான் தன் முடியை அறுத்துக் கொடுத்தாள்.

பா தௌங் மண்டியிட்டு உட்கார்ந்து முடிச்சைத் தேடினார். இன்ஜின் திருகாணி முடுக்கித் தடித்துப்போன விரலுக்கு அது அகப்படவில்லை.

"ஐயோ அண்ணே! கட்டினத அவிழ்க்கக் கூடாது" என்று பின்னாலிருந்து ஓன் சின் பதறினாள். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

லே யீ அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து தன் நகத்தால் முடிச்சை நெகிழ்த்தினாள். பிறகு யாரும் கேட்காமலே உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பா தௌங் மனைவியின் வலது கையை எடுத்தார். விறைத்திருந்தது, கனத்தது. ஒவ்வொரு விரலாகத் தண்ணீர் விட்டுக் கழுவினார். தன் லுங்கியின் முனையால் ஈரத்தை ஒற்றி எடுத்துத் தட்டின் ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

தெருவில் ஹாரன் சத்தம் கேட்டது. பந்தலில் நாற்காலிகள் நகர்ந்தன.

"அப்பா, வண்டி" என்றாள் லே யீ.

"கொஞ்சம் இருக்கச் சொல்லு" என்றார் அவர். "இப்பத்தான் உக்காந்திருக்கா."

லே யீ வாசலுக்குப் போய் ஓட்டுநரிடம் குனிந்து ஏதோ சொன்னாள். வண்டியின் இன்ஜின் நின்றது.