தண்ணீர் கேட்காத தோட்டம்

தொலைபேசியில் அவள் முகவரியைச் சொல்லத் தொடங்கியதும் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். குறித்துக்கொள்ள வேண்டிய தேவை எனக்கில்லை. அந்த வீட்டுப் பின்கதவின் தாழ்ப்பாளைச் சற்றே தூக்கி இழுத்தால்தான் திறக்கும் என்பதுவரை அறிந்தவள் நான். என் திருமண வாழ்க்கை முழுவதும் அந்த வீட்டில்தான் கழிந்தது. இப்போது அங்கே என் முன்னாள் கணவரின் இரண்டாம் மனைவி வாழ்கிறாள். அவள் என்னை நேரில் கண்டதில்லை. தோட்டம் அமைத்துக் கொடுப்பவள் என்று யாரோ சொல்லி, என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள்.

மறுத்திருக்கலாம். மறுநாள் காலையிலேயே போய் நின்றேன்.

“வாங்க மேடம், இதுதான் இடம்” என்று அவள் பின்கட்டுக்கு அழைத்துச் சென்றாள். “பெருசா ஒண்ணும் வேணாம். யாரும் குனிஞ்சு களை பிடுங்கக் கூடாது. சாயங்காலமானா பிள்ளைங்களோட இங்கயே உக்காந்து சாப்பிடணும், பேசணும். வீட்டுக்கு வெளிய இன்னொரு கூடம் மாதிரி இருக்கணும்.”

“இப்ப யாரு பாத்துக்கிறாங்க?”

“அவருதான். தோட்டம்னா அவருக்கு உசுரு. ஆபீஸ்ல இருந்து வந்ததும் நேரா இங்கதான். பொழுது சாய்ஞ்சு எவ்வளவு நேரமானாலும் தண்ணி ஊத்திட்டுத்தான் உள்ள வருவாரு. பாவம், அந்த வேலையாவது அவருக்கு மிச்சமாகட்டும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்.”

நான் குனிந்து செம்பருத்தியின் அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். விரல் முழுவதும் இறங்கிய பின்னும் கையில் ஒட்டியது புழுதிதான். இலைகள் சுருண்டு, மொட்டுகள் காம்போடு கருகியிருந்தன. அந்த மண்ணில் பல நாட்களாக ஒரு சொட்டுத் தண்ணீரும் விழவில்லை.

என் காலத்திலும் இப்படித்தான். செடிகள் வாடக் கண்டு, மண்ணில் சத்தில்லை என்று முடிவுகட்டி, கூடை கூடையாக எருவைக் கொண்டுவந்து கொட்டினேன். சமையலறை சன்னலில் இருந்து, “யாருகிட்டங்க பேசறீங்க?” என்று கேட்பேன். “யாரும் இல்ல, செடிக்குத் தண்ணி ஊத்தறேன்!” என்று இருட்டிலிருந்து பதில் வரும். அப்போது தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவள், இன்று என் எதிரே நின்று, “டீயா, காபியா மேடம்?” என்று கேட்டுக்கொண்டிருக்கும் இவள்தான். தெருவுக்கே தெரிந்த பிறகு, கடைசியாகத் தெரிந்துகொண்டவள் நான்.

“எதுவும் வேணாம்மா. வேலையை எப்ப ஆரம்பிக்கட்டும்?” என்றேன்.

அவளிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால், வாழ்விழந்தவளின் வயிற்றெரிச்சல் என்று தள்ளிவிட இடமிருக்கும். அந்த இடத்தை நான் அவளுக்குக் கொடுக்க விரும்பவில்லை. அவர் வாயிலிருந்து, அந்த வீட்டிலேயே, அவள் காதாலேயே அவள் கேட்க வேண்டும். என் வாயிலிருந்து அரைச்சொல்லும் விழக் கூடாது.

செடிகளை அகற்றினேன். தரைக்குக் கல் பாவினேன். இடைவெளிகளில் கூழாங்கல் பரப்பினேன். ஓர் ஓரத்தில் பிள்ளைகளுக்கு ஊஞ்சல், நடுவில் ஆளுயரக் கள்ளிகள் நிற்கும் ஒரு மேடை. தண்ணீர்க் குழாயையும் கழற்றி, அது இருந்த வாயை அடைத்துவிட்டேன். இவ்வளவும் அவள் கேட்டவை. நான் கேட்டது ஒன்றே ஒன்று: கள்ளி மேடையைச் சுற்றி அரைவட்டமாக ஒரு சுவர்; அதன் உட்புறம் நெடுக உட்காரத் திண்டு. ஒரு முனையில் இருப்பவருக்கு மறுமுனையில் இருப்பவரைக் கள்ளிகள் மறைத்துவிடும்.

கொத்தனாருக்குத்தான் பொறுமை போயிற்று. பூச்சில் சிறு மேடு தட்டினாலும் உரிக்கச் சொன்னேன். வளைவு ஓரிடத்தில் நெளிந்தது. இடித்துக் கட்டச் சொன்னேன். இறுதிப் பூச்சு கண்ணாடியாய் வழவழத்த அன்று, நான் ஒரு முனையில் அமர்ந்திருந்தேன். மறுமுனையில் அவர் சாந்துச் சட்டியைக் கழுவியபடி, தமக்குள்ளேயே முணுமுணுத்தார்.

“இந்தம்மாவைக் கட்டிக்கிட்டவன் தப்பிச்சு ஓடிட்டானாம். ஓடாம என்ன செய்வான்? மனுசனையும் மூணு தடவை உரிச்சுப் பூசியிருக்கும்.”

சொல் ஒன்றும் சிந்தாமல், சுவரோடு ஊர்ந்து வந்து என் காதருகே நின்றது.

“கொத்தனாரே, அவரை ஒரு தடவைகூட உரிக்கலை. அதுதான் நான் செஞ்ச தப்பு” என்றேன், குரலை உயர்த்தாமல்.

சட்டி கீழே விழுந்த ஓசை கேட்டது. கள்ளிகளைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து, “அம்மா, நான் சும்மா விளையாட்டுக்கு… இது என்ன சுவரும்மா, கோள் சொல்லுது!” என்றார்.

“நல்லாக் கட்டியிருக்கீங்க” என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன்.

வேலை நடந்த நாட்களில் நான் பகலில் வந்து பகலிலேயே திரும்பினேன். அவர் இருட்டிய பிறகே வீடு திரும்புபவர். ஆகவே இருவரும் எதிர்ப்படவில்லை. ஒப்படைக்கும் நாளன்று மட்டும் மாலையில் போனேன். பிள்ளைகள் உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவளைத் திண்டின் முனையில் என்னருகே அமர்த்தி, கல்லை எப்படித் துடைப்பது, கள்ளியை எப்படித் தொடாமலிருப்பது என்று விளக்கினேன். இருட்டத் தொடங்கியது.

பக்கவாட்டுக் கதவு திறந்தது. செருப்புச் சத்தம் கூழாங்கல்லில் நடந்து, மறுமுனைக்குப் போய் நின்றது. என் காலத்திலும் வீட்டுச் சன்னலுக்கு ஆகத் தொலைவான அந்த மூலையில்தான் நிற்பார்.

“வந்துட்டாரு. இருங்க, கூப்பிடறேன்” என்று அவள் எழுந்தாள். எழுந்தவள் அப்படியே நின்றாள்.

“இல்லடா செல்லம்… இங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது” என்று சுவர் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது. “வியாழக்கிழமை வந்துடறேன். மீட்டிங்னு சொன்னா இவ நம்பிடுவா. இவளா? இவ எதைச் சொன்னாலும் நம்புவா.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் மெல்ல உட்கார்ந்து, வீட்டின் பக்கம் முகத்தைத் திருப்பி, உரக்கக் கேட்டாள்.

“யாருகிட்டங்க பேசறீங்க?”

“யாரும் இல்ல, செடிக்குத் தண்ணி ஊத்தறேன்!”

இதை நான் திட்டமிடவில்லை. குழாயில்லை, செடியில்லை, ஈரமென்று ஒரு விரற்கடை மண்ணும் இல்லை. ஆனாலும் அவருடைய நாக்கு பழைய தடத்திலேயே போயிற்று.

அவள் இரு கைகளாலும் திண்டின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். “இதை நான் கேட்டிருக்கேன்” என்றாள், குரல் எழாமல். “போன்ல. அவரு இப்படிக் கத்தும்போது நான் அந்தப் பக்கம் சிரிச்சிருக்கேன். உள்ள இருந்து ஒரு பொம்பளை கேப்பாங்க…”

“ஆமா. யாருகிட்டங்க பேசறீங்கன்னு கேப்பேன்.”

அவள் என்னை இப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்துச் சற்று நேரம் காத்தும் இருந்தேன்.

“எதுக்கு இங்க வந்தீங்க?”

“நீங்கதானம்மா கூப்பிட்டீங்க.”

கூழாங்கற்கள் நறநறத்தன. கள்ளி மேடையைச் சுற்றி வந்தவர், ஒரே திண்டில் தம் மனைவியர் இருவரும் அருகருகே அமர்ந்திருக்கக் கண்டார். கையிலிருந்த தொலைபேசியில் இன்னும் யாரோ, “ஹலோ? ஹலோ?” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் எழுந்திருக்கவில்லை. “என்னங்க” என்றாள், மிகவும் மரியாதையாக. “தண்ணி ஊத்தி முடிச்சாச்சா?”

நான் பையை எடுத்துக்கொண்டு பின்கதவுக்கு நடந்தேன். தாழ்ப்பாளைச் சற்றே தூக்கி இழுத்தேன். முதல் இழுப்பிலேயே திறந்தது.