குளிர் கேட்டவள்

1994ஆம் ஆண்டு தை மாதம் ரொறன்ரோவில் குளிரைத் திட்டாத சனம் இல்லை. மைனஸ் இருபத்தாறு என்று றேடியோ சொன்ன அன்று நானும் திட்டிக்கொண்டுதான் வேலையால் வந்தேன். எனக்கு ஒரு பேக்கரியில் விடியப்புற ஷிஃப்ட். மத்தியானத்துக்கு முன்னமே வீட்டுக்கு வந்துவிடுவேன். மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதியிலிருந்து உள்ளே இரண்டாவது தெருவில், நானும் அக்கா ஜோசப்பினும் சேர்ந்து வாங்கிய வீடு. அக்கா பின்னேரம்தான் வருவா. பகலில் வீடு எனக்கும் சுவரில் படமாய்த் தொங்கும் புனித அந்தோனியாருக்கும்தான்.

உடுப்புகளை மெஷினில் போட்டுவிட்டுத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கும்போது கதவில் யாரோ தட்டினார்கள். திறந்தால் என் மனுசன் நிற்கிறார். மீசையிலும் புருவத்திலும் பனி உறைந்து வெள்ளையாக இருந்தது. நாங்கள் முகம் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல். அப்படி வந்து நிற்கிற ஒருவர் முதலில் என்ன கேட்கவேண்டும்? சுகமா என்று கேட்கலாம். வாய் வராவிட்டால் சும்மா நிற்கலாம்.

"செலீன், வீட்டிலை உடுப்புக் காயவைக்கிற ட்றையருக்கு எண்டு ஒரு பெரிய பிளக் இருக்கும், இருக்கோ?" என்று கேட்டார்.

இக்னேசியஸ் என்பது அவர் பெயர். அவர் என்னை விட்டுப் போன கதையை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ பாவம் செய்தவள் என்று நினைப்பீர்கள். அவர் வேலை செய்தது பெற்றோல் இல்லாமல் மின்சாரத்தில் வாகனம் ஓட்டிப் பார்க்கிற ஒரு சின்னக் கம்பனியில். பழைய பற்றறிகளை எங்கள் அப்பார்ட்மென்ற்றுக்குத் தூக்கி வந்து குசினியிலும் அலுமாரிக்குள்ளும் வைத்துச் சோதிப்பார். ஒருநாள் அசிட் ஒழுகி என் கூறைச்சேலையில் கைநுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. "உந்தப் பற்றறியளோடையே போய்க் குடும்பம் நடத்துங்கோ, இஞ்சை இருக்கவேண்டாம்" என்று கத்தினேன். கோபத்தில் எந்தப் பெண்சாதிதான் இப்படி ஒன்று சொல்லவில்லை? வேறு புருசன்மார் என்றால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்து உட்காருவார்கள். இவர் பற்றறிகளை ஒவ்வொன்றாக லிஃப்டில் ஏற்றி இறக்கிக்கொண்டு மல்வேர்னில் ஒரு பேஸ்மென்ற் அறைக்குப் போய்விட்டார்.

சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனுசன் அவர். அதற்கு மேலும் செய்யமாட்டார், கீழும் செய்யமாட்டார். நான் சொன்னது பிழை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன், சேலை என்னுடையது. தானாக வரட்டும் என்று நான் இருந்தேன். கூப்பிடாமல் எப்படிப் போவது என்று அவர் இருந்திருப்பார். இந்த வீடு குடிபூந்தபோது அக்கா அவருக்கு விலாசம் சொல்லி அழைத்தா. அவர் வரவில்லை. அழைத்தது அக்கா, நான் இல்லையே.

இப்போது வாசலில் நிற்கிறார், ட்றையர் பிளக் கேட்டுக்கொண்டு.

"வான் ஓடேலாமல் போச்சு, கடைசிச் சார்ஜிலை இஞ்சை மட்டும் வந்தனான். இழுக்கிற ட்றக்குக்கு ரெலிபோன் பூத்திலையிருந்து அடிச்சனான். பின்னேரம்தானாம். ஊரிலை உள்ள காரெல்லாம் இண்டைக்கு நிண்டுபோச்சாம்."

பின்னால் எட்டிப் பார்த்தேன். எங்கள் டிறைவ்வேயில் ஒரு வெள்ளை வான். எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, தரைக்குக் கீழே வரிசையாகப் பற்றறி அடுக்கிய வான். உள்ளே பாரத்துக்கு மண் மூட்டைகள். சாமான் கொண்டுபோகிற வான் பனிக்காலத்தில் எப்படி ஓடும் என்று பார்ப்பதற்காக, இற்றோபிக்கோவிலிருந்து ஸ்டீல்ஸ் வழியே எங்கள் பக்கம் வந்து திரும்பிப் போகவேண்டும். கோடையில் போய்வரப் பற்றறி தாராளமாய்க் காணும். இந்தக் குளிரில் பாதித் தூரம்தான் ஓடுமாம். ஹீற்றரைப் போட்டால் அதுவும் இல்லை. அதனால் ஹீற்றர் போடாமல், உள்பக்கம் கண்ணாடியில் படிகிற பனியைக் கையால் சுரண்டிச் சுரண்டி ஓட்டி வந்திருக்கிறார். விசர் மனுசன்.

"வாங்கோ" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பிளக் கீழை கிடக்கு" என்றேன்.

பேஸ்மென்ற் யன்னலைத் திறந்து வானிலிருந்து தடித்த வயர் ஒன்றை உள்ளே விட்டு, ட்றையரைக் கழற்றிவிட்டு அதைக் கொழுவினார். யன்னல் இடைவெளிக்குள் என் பழைய துவாய்களைத் திணித்தார். அப்படியும் காற்று ஊசியாய்க் குத்தியது. தோய்த்த உடுப்புகளைக் காயவைக்க வழியில்லாமல் மேலே கதிரைகளிலும் படிக் கைபிடியிலும் விரித்துப் போட்டேன். அவர் பேஸ்மென்ற் படியின் கடைசித் தட்டில், ஜக்கற்றோடு, வயரில் பூட்டியிருந்த சார்ஜ் மீற்றரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே வந்து இருக்கும்படி நான் சொல்லவில்லை. அவரும் வரவில்லை.

"எவ்வளவு நேரம் செல்லும்?"

"சொல்லேலாது. குளிருக்குள்ளை பற்றறி கெதியா இறங்கும், ஏறுறதெண்டால் பஞ்சிப்படும். சாப்பிடவும் மாட்டன் எண்டுற பிள்ளை மாதிரி."

தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விரல் நுனிகள் வெளிறிக் கிடந்தன. அந்த விரல்களைப் பிடித்து என் கைக்குள் வைத்துக்கொள்ளவேண்டும் போல் இருந்தது. வைக்கவில்லை. மேலே போய், காய்ந்த உடுப்பு ஒன்றுமில்லாமல், மடிக்கிற மாதிரிப் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குப் பிறகுதான் போனார். போகும்போது, "கரைச்சலுக்கு மன்னிக்கவேணும்" என்றார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிற மாதிரி.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வருத்தம் பிடித்தது. தொலைக்காட்சியில் வானிலை மட்டும் பார்க்கிற வருத்தம். மைனஸ் பத்து என்றால் நெஞ்சு விழுந்துவிடும், அந்தக் குளிரில் வான் போய்த் திரும்பிவிடும். இருபதுக்குக் கீழே என்றால் அவர் வருவார். அந்த மாதம் அடிக்கடி இருபதுக்குக் கீழே போனது. அவரும் வந்தார். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் சனமெல்லாம் குளிர் குறையவேண்டும் என்று மன்றாடிக்கொண்டிருக்க, நான் அந்தோனியாருக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி இன்னும் ஒரு கிழமைக்குக் குளிர் கேட்டேன். அந்தப் புனிதரிடம் குளிர் கேட்ட ஒரே கத்தோலிக்கப் பெண் நானாகத்தான் இருப்பேன்.

அக்காவுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. வேலையால் வந்து கதிரைகளில் கிடந்த ஈர உடுப்புகளைப் பார்த்துச் சிரிப்பா.

"ட்றையர் இண்டைக்கும் ஓய்வோ?"

"வான் நிண்டுபோச்சு, நான் என்ன செய்யிறது?"

"நல்ல வான். உன்ரை வாசலுக்கு வந்துதான் நிண்டுபோகுது."

எனக்கு ஆத்திரம் வரும். ஆனால் அடுத்த நாள் வேலையால் வரும்போது பாண் சூட்டோடு வாங்கி வருவேன், மாட்டிறைச்சிக் கறி வைப்பேன். அவர் பேஸ்மென்ற் படியில் இருந்து சாப்பிடுவார். உறைப்புக்கு மூக்கை உறிஞ்சுவார். நாங்கள் கதைப்பது முழுக்கப் பற்றறி பற்றித்தான். இரவில் படுக்கும்போது அந்தக் கதையை ஒவ்வொரு சொல்லாகத் திருப்பித் திருப்பி நினைப்பேன். ஒரு பெண் பற்றறிக் கதையை நினைத்து அழுதாள் என்றால் யாராவது நம்புவார்களா? நான் அழுதேன்.

ஒருநாள் அவர் மேலே கைகழுவப் போயிருந்த நேரம் நான் கீழே இறங்கி, பிளக்கை மெல்ல இழுத்துக் கழற்றிவிட்டேன். நல்ல நேரம் கழித்துத் திரும்பக் கொழுவினேன். அவர் மீற்றரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"குளிர் கூடவாக்கும். ஏறேல்லை" என்றார்.

"இருக்கும்" என்றேன்.

அன்று அவர் இருட்டின பிறகுதான் போனார்.

மாசி பிறந்து சில நாளில் அவர் சிரித்துக்கொண்டு வந்தார். நான் அவரை அப்படிப் பார்த்துக் கனகாலம். பற்றறிப் பெட்டிகளுக்குச் சுற்றிவரக் குளிர் ஏறாத தட்டி வைத்து, அடியில் மின்சாரத்தில் சூடாகிற விரிப்பு ஒன்று போட்டிருக்கிறாராம். இரவெல்லாம் கராஜில் அதைக் கொழுவிவிட்டால் காலையில் பற்றறி சூடாக இருக்குமாம். எல்லாம் அவருடைய யோசனையாம். மைனஸ் இருபதிலும் போய்த் திரும்பலாம் என்று கம்பனிக்காரர் கைகொடுத்தார்களாம்.

"இனி உமக்குக் கரைச்சல் இல்லை. உடுப்பெல்லாம் ஒழுங்காக் காயும்" என்றார்.

இவ்வளவு கெட்டிக்காரனாக இருக்கச் சொல்லி யார் கேட்டது? "நல்ல விசயம்" என்று சொன்னேன். அவர் துவாய்களை யன்னலிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாக மடித்து என் கையில் தந்தார். வயரைச் சுருட்டிக்கொண்டு போனார். நான் ட்றையரைக் கொழுவி, உள்ளே ஒன்றும் போடாமல் ஓடவிட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் இருந்து அழுதேன்.

அடுத்த கிழமை திரும்பவும் மைனஸ் இருபத்தினாலு. கறியும் வைத்துவிட்டு யன்னலடியில் இருந்தேன். வரவில்லை. வரமாட்டார் என்று தெரியும். ஆனாலும் கறியைச் சூடாக்கி இறக்கி, திரும்பச் சூடாக்கினேன். அடுத்த நாளும் குளிர். அன்று யன்னலடியில் இருக்க முடியவில்லை. அக்காவின் பெரிய கோட்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு ஸ்டீல்ஸ் வீதிக்கு நடந்துபோய் பஸ் தரிப்பில் நின்றேன். பஸ்கள் வந்து நின்றன. சாரதிமார் கதவைத் திறந்து பார்த்தார்கள், நான் தலையாட்டி அனுப்பினேன்.

வெள்ளை வான் சத்தமே இல்லாமல் வந்தது. கொஞ்சம் கண்ணை எடுத்திருந்தால் தவறவிட்டிருப்பேன். வீதி ஓரத்தில் இறங்கி இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் வெருண்டுபோய் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"என்ன செலீன்? அக்காவுக்கு ஏதும்...?"

"ஆருக்கும் ஒண்டுமில்லை. வீட்டை வாங்கோ."

அவர் மீற்றரைப் பார்த்தார். "சார்ஜ் இருக்குதே. பாதிக்கு மேலை கிடக்கு."

"சார்ஜ் இருந்தால் வரக்கூடாது எண்டு ஆர் சொன்னது?"

அவர் யோசித்தார். பின்னால் பஸ் ஒன்று வந்து ஹோன் அடித்தது. "வானைக் கொண்டுபோய் விடவேணும்" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனார். நான் அங்கேயே நின்றேன். கண்ணீர் இமையிலேயே உறைந்து ஒட்டிக்கொண்டது. கேட்டாயிற்று, பதில் இல்லை, இனி நான் என்ன முகத்தோடு அவரைப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பின்னேரம் அக்கா குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தா. கதவு தட்டும் சத்தம் கேட்டதும் அக்கா என்னைப் பார்த்தா. நான்தான் போய்த் திறந்தேன்.

அவர் நின்றார். டிறைவ்வே வெறுமையாய்க் கிடந்தது. சப்பாத்தெல்லாம் பனி. கையில் மத்தியானச் சாப்பாட்டுப் பை மட்டும்.

"வான் எங்கை?"

"கராஜிலை. இரண்டு பஸ் மாறி வந்தனான்."

"உடுப்பு எங்கை?"

"நீர் வீட்டை வாங்கோ எண்டு மட்டும்தானே சொன்னனீர்" என்றார். "தேத்தண்ணிக்கோ, இருக்கவோ எண்டு சொல்லேல்லை. நானும் பஸ்ஸுக்குள்ளை வழி முழுக்க அதைத்தான் யோசிச்சுக்கொண்டு வந்தனான்."

சாப்பாட்டுப் பையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார்.

"இருக்க" என்றேன். "என்னோடை இருக்க. நீங்கள் இல்லாமல் என்னாலை ஏலாமல் கிடக்கு."

அவர் தலையை ஆட்டினார். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சரி" என்றார். "அப்ப நான் போய் உடுப்புகளை எடுத்துக்கொண்டு வாறன்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பஸ் தரிப்பை நோக்கி நடக்கத் தொடங்கினார். நான் வெறுங்காலோடு பனிக்குள் ஓடிப்போய் அவர் ஜக்கற்றைப் பிடித்து இழுத்தேன்.

"நாளைக்கு எடுக்கலாம்! உள்ளை வந்து கதவைச் சாத்துங்கோ!"