முத்துப்பிள்ளை

பூங்காவனத்தின் சீசாவில் எவ்வளவு தண்ணீர் கலந்து இளக்கினாலும் தேரை ‘உண்டு’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். கண்ணாடி முழுக்க நெளிவு. பள்ளிக்கூடம் விட்ட தெரு மாதிரி ஒரே கூட்டம். எங்கள் வேலை அப்படி. பிள்ளை தங்கியிருக்கிறதா என்று தெரியாமல் வருகிற பெண்ணின் சிறுநீரை ஆண் தேரையின் முதுகுத் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றுவோம். தங்கியிருந்தால் கொஞ்ச நேரத்தில் தேரையின் நீரில் அதன் விந்தணுக்கள் இறங்கிவிடும். தங்காவிட்டால் ஒன்றும் இராது. பொம்பளை வயிற்று ரகசியத்தைச் சொல்ல ஓர் ஆண் தேரை! முதல் நாள் இதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்புக்குச் சுசீலா டாக்டர் என்னை அப்போதே வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

பூந்தமல்லியில் ஒரு பழைய பங்களாவில் இருந்தது அந்த ஆராய்ச்சிக்கூடம். வெளிச்சுவரில் அரசாங்கத்தார் சிவப்பு முக்கோணம் வரைந்து, இரண்டோ மூன்றோ போதும் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே பெஞ்சில் ஒன்றுக்கே வழியில்லாதவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்திதான் வெள்ளானூர் பூங்காவனம். கல்யாணமாகி ஒன்பது வருஷம். புருஷன் தசரதனுக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. அவன் அப்பன் காலம்வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். திருவேற்காட்டு அம்மனுக்கு இவள் வேண்டாத வேண்டுதல் இல்லை. இப்போது ஒருவழியாகக் கரு நின்றிருந்தது. மாசத்துக்கு மீறின வயிறு. இடையிடையே உதிரம் பட்டது; அதற்குத்தான் வந்தாள். ஆனால் அதைப் பற்றிக் கேட்டால் காதில் வாங்கமாட்டாள். “ராவானா உதைக்குதுக்கா. தூங்கவே உட்றதில்ல” என்று முகமெல்லாம் பல்லாகச் சொல்வாள்.

சுசீலா டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “இவ்வளவு பலமா இருக்கக் கூடாது சாமுண்டீஸ்வரி. இது பிள்ளையில்லை. முத்துப்பிள்ளை.”

அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்தேன். கரு பிள்ளையாகாமல், நஞ்சுக்கொடி மட்டும் கொப்புளம் கொப்புளமாகப் பெருகிக் கர்ப்பப்பையை அடைத்துக்கொள்ளுமாம். பிள்ளை இருக்கிற வயிற்றைவிடப் பிள்ளை இல்லாத இந்த வயிறுதான் தேரையிடம் பல மடங்கு சத்தமாக ‘உண்டு’ என்று கத்துமாம். அப்படியானால் ராத்திரியில் உதைப்பது யார்?

பட்டணத்து ஆஸ்பத்திரியில் எடுத்துச் சுத்தம் செய்தார்கள். டாக்டர் ஆராய்ச்சிக்காக அதில் கொஞ்சத்தை மருந்துநீர் ஊற்றிய ஜாடியில் போட்டுக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தார். வெந்த ஜவ்வரிசி மாதிரி, கண்ணாடியாக, குலைகுலையாக இருந்தது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யார் பாயசம் வைத்தாலும் நான் எழுந்து போய்விடுவேன். பூங்காவனம் வருகிற நாளில் ஜாடியின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடுவேன்.

அவள் வாராவாரம் வரவேண்டியிருந்தது. எடுத்தபின் உள்ளே ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது புற்றாகி நுரையீரல்வரை ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே தேரை ‘இல்லை’ என்று சொல்லவேண்டும். டாக்டரும் நானும் அந்த ‘இல்லை’க்காகக் காத்திருந்தோம். இவளோ பெஞ்சு நுனியில் உட்கார்ந்து ‘உண்டு’க்காகக் காத்திருந்தாள். ஒரு சொல்லுக்கு இரண்டு பக்கமும் ஆளிருந்தால் என்ன செய்வது?

“இன்னும் கீதா, அக்கா?”

“கீது.”

உடனே அவள் கை வயிற்றுக்குப் போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய் சும்மா இருக்காது எனக்கு. “அடியே, அது புள்ள இல்லடி. அது உன்னத் துன்றதுக்கு வந்தது. போய்த் தொலையணும்னு வேண்டிக்கோ” என்று கத்துவேன். பாவம், இதெல்லாம் உனக்கெங்கே தெரியும் என்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

வாரம் போகப்போக நெளிவு குறைந்து, ஒருநாள் அற்றுப்போனது. டாக்டர் சந்தோஷத்தில் அன்று என்னையும் எதிரே உட்காரவைத்துக் காபி குடித்தார். பூங்காவனத்திடம் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தத் துணிக்குள்ளாற கீறது என்னுதுதானே?”

“மருந்துடி அது.”

“மருந்துன்னா ஏன்க்கா என்னியே பாக்குது?”

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தபின் அந்த அறையில் தனியாக இருக்க என்னால் முடியவில்லை. தொட்டிக்குள் தேரைகள் அசைகிற சத்தம், யாரோ பாயில் புரண்டு படுப்பதுபோல் கேட்கும். திரும்பிப் பார்த்தால் ஜாடியின்மேல் துணி இருக்கும். இருந்தாலும் அதை இன்னும் நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டுதான் கிளம்புவேன்.

மறுபடியும் இரண்டு வாரம் ‘இல்லை’. அதற்கடுத்த வாரம் அவள் கொண்டுவந்த சீசாவுக்குத் தேரை பளிச்சென்று ‘உண்டு’ என்றது. அடுத்த வாரம் இன்னும் பலமாக. டாக்டர் தசரதனை வரவழைத்துக் கேட்டார். அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, “நீங்க சொன்னதுலேர்ந்து நான் வெளியதான் படுக்கறேன் டாக்டரம்மா. அம்மன் மேல சத்தியமா” என்றான். கையை வைத்துச் சோதித்துப் பார்த்தபோதும் புதுக் கருவுக்கு அடையாளம் இல்லை. அப்படியென்றால் அதுதான் திரும்பிவிட்டது. கர்ப்பப்பையை எடுத்தால்தான் உயிர் மிஞ்சும். பட்டணத்தில் கட்டில் சொல்லியாயிற்று. அழைத்துவரச் சொல்லி என்னை வெள்ளானூருக்கு அனுப்பினார்.

பூங்காவனம் தண்ணிக்குப் போயிருந்தாள். மாமியார் முனியம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “தேங்காயில பருப்பு இல்லன்னா தேரை மோந்துட்ச்சின்னுவாங்கோ. இவ தேரைகிட்டயே போய் வவுத்தக் காமிச்சிகினு வரா. வெளங்குமா?” கொல்லையில் யாரோ வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. முனியம்மாவின் குரல் சட்டென்று குழைந்தது. “சின்ன மருமவ. பேபி. மூணாம் மாசம்.” நான் விஷயத்தைச் சொன்னேன்: நாளைக் காலையில் வரவேண்டும், கர்ப்பப்பையை எடுக்கப்போகிறார்கள், இல்லாவிட்டால் ஆள் தங்காது. கிழவி மூக்கைச் சிந்தினாள். கொல்லையில் சத்தம் நின்றுவிட்டது.

பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது அந்தப் பேபி மூச்சிரைக்க ஓடிவந்தாள். சின்னப் பெண். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

“அக்கா, அது என்னுதுக்கா. சீசால கீறது என்னுது.”

எனக்குப் புரியவில்லை.

“மூத்த ஓர்ப்படிதான் கேட்டுச்சி. ஒரே ஒரு தபா கீதுன்னு காதால கேட்டுக்கறேன்னு என் காலப் புட்ச்சிகினு அழுதுச்சி. தேரைக்குக் குத்தினா என் புள்ளைக்கு இன்னா ஆவுமோன்னு பயந்துகினேதான் ரெண்டு தபாவும் குட்த்தேன். எப்டிக்கா இல்லன்றது?”

அவளை அங்கேயே நாலு அறை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. பஸ் வந்துவிட்டது.

மறுநாள் காலை பூங்காவனம் மஞ்சள் பையில் மாற்றுப்புடவை வைத்துக்கொண்டு வந்தாள். தலை சீவி, பூ வைத்து, வளைகாப்புக்கு வந்தவள்போல் இருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. “பாவி, வேற ஒருத்தி மூத்திரத்தக் குட்த்துட்டு உன் கர்ப்பப்பைய அறுத்துக்கப் போறியே! அப்பறம் ஏழேழு ஜென்மத்துக்கும் உன் வவுத்துல ஒண்ணும் தங்காதுடி” என்று பிடித்து உலுக்கினேன்.

அவள் பதறவில்லை. ஊசிக்குப் பயப்படுகிற குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னாள். “அது போவலக்கா. பயந்துகினு உள்ளாற ஒளிஞ்சிகினு கீது. என் சீசால வரமாட்டேங்குது. நீங்கோ இல்ல இல்லன்னு உட்ருவீங்கோ. கீதுன்னு சொன்னாத்தானே கிழிச்சித் தேடுவீங்கோ?”

கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன். பிறகு போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “பேபியோடது கலந்திருக்கலாம். ஆனா இவளுக்கும் உள்ளே என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது. உன் கண் முன்னாடி சிறுநீர் பிடிச்சுப் பாரு. அதுவரை பட்டணம் போற வண்டி நிற்கட்டும்” என்றார்.

பிடித்தேன். ஊசி போட்டேன். தேரையைத் தொட்டியில் தனியாக விட்டு மூடினேன். பூங்காவனம் அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டு, மூடிக்கு வாயை வைத்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். கேட்கக் கூடாது என்று நான் சீசாக்களைக் கழுவினேன். ஆனாலும் காதில் விழுந்தது. “பயப்படாத கண்ணு, வா. ஒண்ணும் செய்ய மாட்டாங்கோ. அம்மா இங்கதான் கீறேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தத் தேரை ‘உண்டு’ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தேன். ‘இல்லை’ என்றால் மட்டும் என்ன செய்யப்போகிறேன் என்றும் நினைத்தேன்.

மத்தியான வெயிலில் துளியைக் கண்ணாடியில் வைத்துக் குனிந்தேன். இல்லை. இன்னொரு துளி. அதிலும் இல்லை. சுத்தமாக இல்லை. பிழைத்துக்கொண்டாள், கர்ப்பப்பை தப்பியது. நாளைக்கே ஒரு பிள்ளை தங்கலாம். கூவிக்கொண்டு டாக்டரிடம் ஓடத்தான் தோன்றியது. ஆனால் அவள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“நானு பாக்கறேன்க்கா.”

நகர்ந்து இடம் விட்டேன். எந்தக் கண்ணை மூடிக்கொள்வது என்று சொல்லிக்கொடுத்தேன். குனிந்தாள். தலையில் வைத்திருந்த பூ முன்னால் சரிந்து விழுந்தது.

“இன்னாடி தெரியுது?”

“வெள்ளையா கீது. வட்டமா.” மூச்சை இழுத்துவிட்டாள். “ஒளியறதுக்கு எடமே இல்லியேக்கா.”

சுசீலா டாக்டர் வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். பூங்காவனம் நிமிரவில்லை. ஒரு விரலால் கண்ணாடியை மெல்ல மெல்ல நகர்த்தி, அதன் ஓரங்களில் தேடிக்கொண்டிருந்தாள்.