நாலாம் படைத்தலைவன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதல்ல. வாகரைப் பக்கம் வேலைக்கு வந்த ஒரு கலாசார உத்தியோகத்தர் சொன்னது. "என் பேரை மட்டும் போட்டுடாதீங்க" என்றார். ஆகவே மேனுகா என்று வைத்துக்கொள்வோம்.

'கதிரவெளிக் கடலில் அன்று காற்று' என்று ஆரம்பித்தேன். காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 'மேனுகா கூத்தே பார்த்ததில்லை.' இது பரவாயில்லை, இதிலேயே போவோம்.

2

மேனுகா கூத்தே பார்த்ததில்லை. வத்தளை நகரத்தில் வளர்ந்தவளுக்கு அதற்கு எங்கே வாய்ப்பு? ஆனாலும் விடியவிடிய ஆடும் கூத்தொன்றை இரண்டு மணித்தியாலமாகச் சுருக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. கூத்துப் பாட்டெல்லாம் எழுதிய கொப்பியைப் படித்தாள். நாலு படைத்தலைவர்கள் வருகிறார்கள், ஒரே மாதிரிப் பாடுகிறார்கள், போரில் சாகிறார்கள். மூன்று பேர் போதாதா என்று நாலாமவனின் பக்கங்களைக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

(இவ்வளவு அலட்சியமாக ஒருத்தி செய்வாளா என்று நானும் சந்தேகப்பட்டேன். செய்ததாக அவரே சொன்னார்.)

3

பனிச்சங்கேணியில், பாடசாலை மைதானத்தில், நல்ல வெயிலோடு கலாசார விழா. கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் கந்தப்போடி அவளை உடுப்புக் கட்டும் கொட்டிலுக்குள் கூட்டிப்போனார். மூன்று படைத்தலைவர்களும் கிரீடமுடி வைத்து, முகம் பூசி நின்றார்கள்.

"ஒண்டு தெரிஞ்சிக்கங்க பிள்ள. சதங்கை கட்டினவன் களரியில ஆடாம அத அவிழ்க்கக் கூடா. அவிழ்க்காம வீட்ட போகவும் ஏலா."

"போனா என்ன?"

"ஒருத்தரும் போனதில்ல" என்றுவிட்டு மத்தளத்தடிக்குப் போனார்.

மூவரும் ஒருவர் பின் ஒருவராக, ஆடுவதற்கு வட்டமாக அமைத்த களரிக்குப் போனார்கள். கொட்டில் காலியாகியிருக்க வேண்டும். மூலையில் இன்னொருவன் நின்றான். அதே உடுப்பு, அதே முடி.

"பிள்ள, நீங்கதானே கொப்பி பாக்கிற? என்ட வரவுப் பாட்ட எப்ப பாடுவீங்க? காலையில இருந்து நிக்கன்."

மேனுகா அலறிக்கொண்டு [இல்லை. அவள் அப்படிப்பட்டவள் அல்ல.]

 மேனுகா உண்மையைச் சொன்னாள்.

"உங்க பாட்டை நான் வெட்டிட்டேன். நேரம் பத்தல்ல."

"அப்ப நான் எப்பிடி வீட்ட போற?"

அவன் கோபப்படவில்லை. அதுதான் அவளைக் கலக்கியது.

"ரெண்டு வரி எழுதுங்க, போதும். பேரச் சொல்லிக் கூப்பிட்டா வந்திருவன்."

"உங்க பேர் என்ன?"

"நீங்கதானே கிழிச்சீங்க."

4

முடிவு ஒன்று: கொட்டிலைப் பிரித்தபோது அங்கே யாருமில்லை. (சப்பென்று இருக்கிறது.)

முடிவு இரண்டு: மேனுகா இரண்டு வரி எழுதிக்கொண்டு ஓடினாள். பிற்பாட்டுக்காரர் பாடினார்கள், சனம் திரும்பிப் பார்த்தது, கொட்டிலின் ஓலைக் கிடுகுக்குப் பின்னால் சதங்கை

இதை முடிக்க மாட்டேன். உண்மையில் என்ன செய்தீர்கள் என்று அந்த உத்தியோகத்தரிடம் கேட்டேன். எழுந்து போய்விட்டார்.

5

இனி என் பங்கு. அந்த இரண்டு வரியை நான் எழுதிப் பார்த்தேன். பேர் ஒன்று தேவைப்பட்டது. யோசிக்காமல் என் தம்பி நிலோஜனின் பேரைப் போட்டேன். ஓசை சரிவரவில்லை, அழித்துவிட்டேன்.

அன்றிலிருந்து, நான் எழுத உட்கார்ந்தால் அவன் என் அறை வாசலில் வந்து நிற்கிறான்.

"அண்ணா, என்னக் கூப்பிட்டயா?"

"இல்லடா, போ."

போகிறானில்லை. சாப்பாட்டுக்கு என் மனைவி கூப்பிட்டாலும் போகிறானில்லை. ஏன் நிற்கிறாய் என்றால் தெரியாது என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.

பேரைத் திரும்ப எழுதிவிடலாம், உள்ளே வந்துவிடுவான். ஆனால் இந்தக் கூத்தில் படைத்தலைவர்கள் போரில் சாகிறார்கள்.

வேறொரு பேர் வேண்டும். எனக்குத் தெரிந்த பேரெல்லாம் யாரோ ஒருவருடையதாக இருக்கிறது. உங்களிடம் ஒன்று இருந்தால் இங்கே எழுதிவிடுங்கள். எழுதினால் அழிக்காதீர்கள்.

................................ வந்தானே